புல் பிடித்து வைத்திருக்கும் மணல்

கிராண்ட் ஐலண்ட்

நெப்ராஸ்கா மாநிலத்தைக் கடந்து போனவர்களைக் கேட்டால் பெரும்பாலோர் சொல்வது ஒன்றுதான்: மக்காச்சோளம், அதை விட்டால் மறுபடியும் மக்காச்சோளம். அவர்கள் பிளாட் ஆற்றை ஒட்டி மேற்கே ஓடும் 80-ஆம் எண் விரைவுச்சாலையில் போனவர்கள். ஓமாஹாவில் பல வருஷமாகக் குடியிருக்கும் என் சித்தி மகன் அந்தச் சாலையைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. "அது லாரிக்காரனுக்குப் போட்ட ரோடுண்ணே. நாம ரெண்டாம் நம்பர்ல போவோம்" என்றான்.

இரண்டாம் நம்பர் என்பது கிராண்ட் ஐலண்டிலிருந்து வடமேற்கே அலையன்ஸ் என்ற ஊருக்குப் போகும் மாநிலச் சாலை. சுமார் 270 மைல். நம் கணக்கில் 430 கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஜூன் மாதத்து விடியலில் அவன் தன் ஹோண்டா கோல்டுவிங்கிலும், நான் அவனுடைய இன்னொரு வண்டியான சுசுகி வி-ஸ்ட்ராமிலுமாகப் புறப்பட்டோம்.

ஆரம்பத்தில் அந்த மக்காச்சோளம்தான் இரு பக்கமும். வயலின் நடுவில் ஒரு முளை. அதைச் சுற்றிக் கால் மைல் நீளமுள்ள இரும்புக் குழாய் ஒன்று சக்கரங்களின் மேல் ஊர்ந்து வட்டமிட்டபடி நீர் தெளிக்கிறது. அடுத்த வயலிலும் அதே, அதற்கடுத்த வயலிலும் அதே. ஆனால் காருக்குள் இருப்பவருக்குத் தெரியாத ஒன்று வண்டியில் போகிறவனுக்கு உடனே தெரிந்துவிடுகிறது. நிலம் எங்கெல்லாம் தாழ்கிறதோ அங்கெல்லாம் குளிர்ச்சி முழங்காலில் வந்து படும். மேடேறியதும் விலகிவிடும். ஈரமண் வாசனை, மாட்டுத்தொழு வாசனை, வெட்டிப்போட்ட புல்லின் வாசனை என்று ஒவ்வொன்றாக ஹெல்மெட்டுக்குள் வந்து போகும். கண்ணுக்குச் சமதளமாகத் தெரியும் நிலம் உண்மையில் சமதளம் இல்லை என்பதை உடம்பு சொல்லிக்கொண்டே வந்தது.

புரோக்கன் போ

காலைச் சாப்பாடு இங்கே. முட்டை, வறுத்த உருளைக்கிழங்குத் துருவல், கையகலத்துக்குச் சர்க்கரைப் பாகு வழியும் பட்டை ரோல். இந்த மாநிலத்துப் பள்ளிக்கூடங்களில் மாட்டுக்கறியும் பீன்ஸும் மிளகாய்த்தூளும் போட்டுக் கொதிக்க வைத்த சில்லிக்கு இந்தப் பட்டை ரோலைத் தொட்டுக்கொள்ளக் கொடுப்பார்களாம். காரத்துக்கு இனிப்பு. பரிமாறிய அம்மாள் அதைப் பெருமையோடு சொன்னார். அவர் பிள்ளைகள் ஊரை விட்டுப் போன பிறகும் போனில் அதைத்தான் கேட்கிறார்களாம்.

இந்த வட்டாரத்துக்கு ஒரு புகைப்படக்காரர் இருந்தார், சாலமன் புட்சர். 1886-இல் தொடங்கி, குதிரை வண்டியில் கேமராவை ஏற்றிக்கொண்டு இங்கே குடியேறிய குடும்பங்களை வீடு வீடாகப் போய்ப் படமெடுத்தார். 1862-ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டம் ஆளுக்கு 160 ஏக்கர் இலவசமாகத் தந்தது. நிலம் கிடைத்தது, வீடு கட்ட மரம் கிடைக்கவில்லை. புல்வேரோடு தரையைப் பாளம் பாளமாக வெட்டி அடுக்கிச் சுவர் எழுப்பினார்கள். கூரையிலும் புல். மழை பெய்தால் உள்ளே சேறு ஒழுகும். புட்சரின் படங்களில் ஒன்று எனக்கு எப்போதும் நெஞ்சைத் தொடுவது: ஒரு குடும்பம் தன் ஆர்மோனியப் பெட்டியை வெட்டவெளிக்குத் தூக்கி வந்து, அதைச் சுற்றி நின்றபடி படம் எடுத்துக்கொண்டது. மண்வீடு படத்தில் விழக்கூடாது, ஊரிலிருக்கும் சொந்தங்கள் பார்த்துவிடுவார்கள் என்று வீட்டுக்கார அம்மாள் பிடிவாதம் பிடித்தாராம். வெளியூர் போய்ப் பிழைக்கிறவர்கள் வீட்டுக்கு அனுப்பும் படங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த அம்மாளை எனக்கு நன்றாகப் புரிகிறது.

அந்தக் குடும்பங்களுக்கு முன்னால் லூப் ஆற்றுக் கரைகளில் மண் மூடிய வட்ட வீடுகளில் வாழ்ந்தவர்கள் பானி மக்கள். 1870-களில் அவர்கள் தெற்கே, இன்றைய ஓக்லஹோமாவுக்கு அனுப்பப்பட்டார்கள். ஆர்மோனியப் பெட்டி நின்ற தரை யாருடையதாக இருந்தது என்பதையும் சேர்த்தேதான் அந்தப் படத்தைப் பார்க்க வேண்டும்.

ஹால்சி

அன்செல்மோ என்ற சிற்றூரைத் தாண்டியதும் உழவு நின்றுவிடுகிறது. வேலி இருக்கிறது, வயல் இல்லை. நிலம் மெல்ல அலையெடுக்கத் தொடங்கி, பிறகு அலையாகவே ஆகிவிடுகிறது. பச்சைக் குன்று, அதன் பின்னால் இன்னொரு பச்சைக் குன்று, தொடுவானம் வரைக்கும். இதுதான் சாண்ட்ஹில்ஸ். ஏறத்தாழ 50,000 சதுர கிலோமீட்டர், நெப்ராஸ்காவில் கால் பங்கு. அத்தனையும் மணல்மேடு. மேற்கு அரைக்கோளத்திலேயே இதைவிடப் பெரிய மணல்மேட்டுப் பரப்பு கிடையாது. சில மேடுகள் 400 அடி உயரம், 20 மைல் நீளம்.

எங்கள் ஊர்ப் பக்கத்துத் தேரிக்காட்டில் வளர்ந்தவன் நான். உடன்குடிக்கும் சாத்தான்குளத்துக்கும் இடையில் செக்கச்சிவந்த மணல் ஆடிக்காற்றில் எழுந்து நடப்பதைப் பார்த்திருக்கிறேன். அதை ஓரிடத்தில் நிறுத்தத்தான் பனையும் முந்திரியும் உடைமரமும். அதே மணல்தான் இங்கேயும். ஆனால் இங்கே அதைக் கட்டிப் பிடித்திருப்பது மரமல்ல, புல். வண்டியை ஓரங்கட்டிவிட்டு ஒரு மேட்டில் ஏறி உட்கார்ந்தோம். காலணி நுனியால் கீறினால் விரலளவுக்குள் மணல் வந்துவிடுகிறது. வேரும் சருகுமாக ஒரு மெல்லிய தோல், அவ்வளவுதான். சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் நீண்ட பஞ்சம் ஒன்று வந்தபோது இந்தத் தோல் செத்து, குன்றுகள் மறுபடி நடக்கத் தொடங்கின என்று மண்ணியல் அறிஞர்கள் கண்டறிந்திருக்கிறார்கள். இப்போது அவை நிற்பது புல்லின் தயவில்.

இப்படிப்பட்ட இடத்தில், சாலைக்குத் தெற்கே, ஆற்றுக்கு அக்கரையில் திடீரென்று பைன் காடு தெரிகிறது. கையால் நட்ட காடு. சார்லஸ் பெஸ்ஸி என்ற தாவரவியல் பேராசிரியர் இந்த மணலில் மரம் வளரும் என்று விடாமல் வாதாடினார். 1902-இல் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் இடம் ஒதுக்கினார். நாற்றங்கால் அமைத்து, கன்று கன்றாக நட்டு, ஆயிரக்கணக்கான ஏக்கரில் காடாக்கினார்கள். பெஸ்ஸியின் பெயர் தாங்கிய அந்த நாற்றங்கால் இன்றும் நடக்கிறது. மரம் இல்லாத நிலம் குறைபட்ட நிலம் என்று அந்தத் தலைமுறை நம்பியது. நானும் அப்படி நம்பி வளர்ந்தவன்தான்.

ஆனால் இங்கே ஆடுமாடு வளர்ப்பவர்கள் இன்று அஞ்சுவது மரத்துக்குத்தான். கிழக்குச் செஞ்சீடர் என்னும் ஊசியிலை மரம் இந்த மாநிலத்துக்குச் சொந்தமானது. முன்பு காட்டுத்தீ அதை ஆற்றுச்சரிவுகளோடு நிறுத்தி வைத்திருந்தது. தீயை அடக்கப் பழகிய பிறகு அது புல்வெளிக்குள் பரவுகிறது. மரத்தடியில் புல் சாகிறது. அதனால் பண்ணைக்காரர்கள் வசந்த காலத்தில் கூட்டம் சேர்ந்து, காற்றுப் பார்த்து, தாங்களே தீ வைக்கிறார்கள். கட்டுக்கடங்காமல் வரும் தீ வேறு. 2022 அக்டோபரில் அப்படி வந்த ஒன்று இந்தக் காட்டில் ஒரு பகுதியையும், உள்ளே இருந்த சிறுவர் முகாமின் கட்டடங்களையும் எரித்தது. அணைக்கப் போன தன்னார்வத் தீயணைப்பு வீரர் ஒருவர் இறந்தார். கருகிய தண்டுகள் இன்னும் நிற்கின்றன. அவற்றின் காலடியில் புல் மறுபடி முளைத்திருந்தது.

முல்லன்

முல்லனுக்கு முன்னாலேயே கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போய்விடுகிறது. மத்திய நேர மண்டலத்திலிருந்து மலை நேர மண்டலத்துக்கு மாறுகிறோம். ஹூக்கர் மாவட்டத்தில் இது ஒன்றுதான் ஊர். மாவட்டம் முழுவதற்கும் 700 சொச்சம் பேர்.

சாலையில் எதிர்ப்படும் ஒவ்வொருவரும் நம்மைக் கவனிக்கிறார்கள். பிக்கப் ஓட்டி வருபவர் ஸ்டீயரிங்கிலிருந்து ஆள்காட்டி விரலை மட்டும் உயர்த்துவார். மோட்டார் சைக்கிளில் வருபவர் இடக்கையைத் தொங்கவிட்டு இரண்டு விரலைத் தரையை நோக்கி நீட்டுவார். பக்கத்திலேயே ரயில் பாதை. எதிரே வருவது வயோமிங்கின் பவுடர் ரிவர் சுரங்கங்களிலிருந்து நிலக்கரி ஏற்றிய ரயில், நம்மோடு கூட வருவது காலிப்பெட்டி. ஒரு மைலுக்கு மேல் நீளம். ஒரு என்ஜின் டிரைவர் எங்களைப் பார்த்து இரண்டு தடவை ஹாரன் அடித்தார். ஆளில்லாத நிலத்தில் ஆளைப் பார்ப்பது ஒரு விசேஷம் என்று நினைக்கிறேன். சென்னையில் நாலு வருஷம் எதிர்வீட்டில் இருந்தும் முகம் தெரியாதவர்களை நினைத்துக்கொண்டேன்.

காற்று தெற்கிலிருந்து வந்தது, நாள் முழுக்க, இடப்புறத் தோளில். நேராகப் போக வேண்டுமென்றால் வண்டியைச் சாய்த்தே பிடிக்க வேண்டும். குன்று மறைக்கும் இடத்தில் காற்று சட்டென்று அறுபட்டு வண்டி இடப்பக்கம் இழுக்கும். குன்று முடிந்ததும் மறுபடி அறையும். ஹெல்மெட்டுக்குள் இருந்த மைக்கில் தம்பி சொல்லிக்கொண்டே வந்தான்: "ஹேண்டில இறுக்கிப் பிடிக்காதீயண்ணே. இறுக்குனா வண்டி சண்டை போடும். உடம்பை மட்டும் காத்துப் பக்கம் குடுங்க." அப்படி விட்டுப் பிடிக்கத் தெரிந்த பிறகு தோள் வலி போய்விட்டது.

ஊருக்கு வெளியே மிடில் லூப் ஆற்றில் ஒரு குடும்பம் மிதந்து வந்தது. படகில் அல்ல. மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் பெரிய வட்டத் தொட்டியில் பெஞ்சு போட்டு, அதில் தாத்தா பாட்டி முதல் பேரன் வரை உட்கார்ந்து, தொட்டி தன் இஷ்டத்துக்குச் சுழன்றபடி போகிறது. இந்த ஆற்றில் வெள்ளமும் வறட்சியும் பெரிதாக இல்லை. பெய்யும் மழையை மணல் உறிஞ்சிக்கொண்டு, அடியிலிருந்து வருஷம் முழுக்க ஒரே சீராகக் கசியவிடுகிறது. கீழே இருப்பது ஓகல்லாலா நிலத்தடி நீர்த்தேக்கம். தெற்கு டக்கோட்டாவிலிருந்து டெக்சாஸ் வரை எட்டு மாநிலங்களுக்கு அடியில் பரவிக் கிடப்பது. அதன் மிகத் தடித்த பகுதி இந்த மணலுக்குக் கீழேதான். சில இடங்களில் ஆயிரம் அடி கனம்.

மதியம், ரொட்டித் துண்டுகளுக்கிடையில் வேகவைத்த மாட்டுக்கறியும் மசித்த உருளைக்கிழங்கும் வைத்து, எல்லாவற்றின் மேலும் பழுப்புக் குழம்பை ஊற்றித் தந்தார்கள். பிறகு ரூபார்ப் தண்டு வைத்துச் சுட்ட பை. புளிச்சக்கீரைத் தண்டைச் சர்க்கரையில் வேகவைத்தால் வருமே, ஏறக்குறைய அந்தப் புளிப்பு. பக்கத்து மேசையில் தொப்பி வைத்த பெரியவர்கள். உள்ளே நுழையும் முன்பே தம்பி எச்சரித்திருந்தான்: "எத்தனை மாடு வச்சிருக்கீயன்னு மட்டும் கேட்டுராதீய. பேங்க்ல எவ்வளவு இருக்குன்னு கேக்கிற மாதிரி." அதனால் மழையைப் பற்றிப் பேசினோம். மழையைப் பற்றி எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாம்.

ஹயானிஸைத் தாண்டி

வடமேற்கே வானம் கறுத்து, அதன் அடிவயிறு பச்சையாக இருந்தது. பச்சை நிறம் தெரிந்தால் ஆலங்கட்டி என்கிறார்கள். சுற்று வட்டாரத்தில் எங்களைவிட உயரமாக எதுவும் இல்லை. மின்னலுக்கு அது போதும். அப்போது எதிரே வந்த பிக்கப் ஒன்று நின்றது. ஓட்டியவர் கண்ணாடியை இறக்கி, பின்னால் வாருங்கள் என்று சைகை காட்டித் திரும்பினார். பெயர்கூடக் கேட்கவில்லை. மண்பாதையில் கொஞ்ச தூரம் போனதும் தகரக் கொட்டகை. டிராக்டருக்குப் பக்கத்தில் வண்டிகளை நிறுத்திய மறுநிமிடம் ஆலங்கட்டி விழத் தொடங்கியது. தகரத்தின் மேல் அந்தச் சத்தத்தில் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்கவில்லை. நாலு பேரும் சும்மா நின்றோம்.

நாலாவது ஆள் அவருடைய மகள், பத்துப் பதினொரு வயது. ஓய்ந்ததும் என் கையைப் பிடிக்காத குறையாக இழுத்துப் போய்த் தன் கன்றைக் காட்டினாள். மாவட்டச் சந்தைக்காக அவளே வளர்ப்பது. தினமும் தேய்த்துவிட்டு நடை பழக்குகிறாள். அவள் அக்கா ஹால்சி முகாமுக்குப் போயிருக்கிறாளாம். தான் போகும் வயது வருமுன் அது எரிந்துவிட்டது என்றாள். அதைச் சொன்னபோது முகம் வாடியது. பிறகு கன்றின் பெயரைச் சொன்னதும் மலர்ந்துவிட்டது.

அப்பா எங்களைக் கொட்டகைக்குப் பின்னால் அழைத்துப் போனார். குன்றின் முதுகில் கிண்ணம் போல ஒரு பள்ளம், உள்ளே வெறும் மணல். புல் கிழிந்த இடத்தில் காற்று புகுந்து தோண்டியது. இதை இங்கே புளோ அவுட் என்கிறார்கள். மாடு ஒரே தடத்தில் நடந்தால் போதும், கிழிசல் தொடங்கிவிடும் என்றார். அவருடைய தாத்தா பழைய டயர்களைப் பள்ளத்தில் போட்டு அடைத்திருக்கிறார். மணலுக்குள்ளிருந்து டயர் விளிம்புகள் எட்டிப் பார்த்தன. ஒரு பசுவுக்கும் கன்றுக்கும் பத்து முதல் இருபது ஏக்கர் விட வேண்டும், மந்தையை ஓரிடத்தில் அதிக நாள் நிற்க விடக்கூடாது. "நான் வளர்ப்பது புல். அறுப்பதற்கு மாடு வைத்திருக்கிறேன்" என்றார். இந்தப் பள்ளங்களின் வெறும் மணலில் மட்டுமே வளரும் ஊதாப்பூச் செடி ஒன்று உண்டு, புளோ அவுட் பென்ஸ்டெமன். பண்ணைக்காரர்கள் பள்ளங்களை அடைக்க அடைக்க அது அருகியது. அழிந்தே விட்டது என்று நினைத்திருந்தபோது 1968-இல் மறுபடி கண்ணில் பட்டது. இப்போது அதற்காகச் சில பள்ளங்களைத் திறந்தே விடுகிறார்கள். தன் நிலத்தில் அது இல்லையே என்று அவர் வருத்தப்பட்டார்.

கனடாவிலிருந்து எண்ணெய் கொண்டுவரும் கீஸ்டோன் எக்ஸ்எல் குழாயை முதலில் சாண்ட்ஹில்ஸ் வழியாகத்தான் போடத் திட்டமிட்டார்கள். 2011-இல் இப்படிப்பட்ட மாட்டுப் பண்ணைக்காரர்கள், அதுவரை எந்தப் போராட்டத்துக்கும் போகாதவர்கள், திரண்டு எதிர்த்தார்கள். பாதை கிழக்கே தள்ளிப் போனது. பத்து வருஷம் கழித்துத் திட்டமே கைவிடப்பட்டது. அவர்களை அசைத்தது எது என்று இந்தப் பள்ளத்தின் விளிம்பில் நின்றபோது எனக்கு விளங்கியது. கிழிந்த தோலைத் தைப்பது எவ்வளவு கஷ்டம் என்பதை மூன்று தலைமுறையாகக் கையால் அறிந்தவர்கள் அவர்கள்.

எல்ஸ்வொர்த், ஆண்டியோக்

எல்ஸ்வொர்த் என்பது சில வீடுகள், ஒரு பழைய கடை. ஸ்பேட் பண்ணையின் கடை அது. பண்ணை முதலாளி பார்ட்லெட் ரிச்சர்ட்ஸ் அரசாங்க நிலத்தை வேலி போட்டு வளைத்துக்கொண்டதற்காகச் சிறைத்தண்டனை பெற்றார். தண்டனை முடியுமுன்னே 1911-இல் இறந்தார். அந்த வேலிகளைப் பிடுங்கிவிட்டு, 1904-இல் வந்த கின்கெய்டு சட்டப்படி ஆளுக்கு 640 ஏக்கர் பிரித்துக் கொடுத்தார்கள். வந்தவர்கள் உழுதார்கள். உழுத இடமெல்லாம் மணல் கிளம்பியது. பெரும்பாலோர் விற்றுவிட்டுப் போனார்கள். அந்தக் காலத்தில் இந்தக் குன்றுகளில் சிறுமியாக இருந்தவர் எழுத்தாளர் மாரி சாண்டோஸ். தன் முரட்டு அப்பாவைப் பற்றி அவர் எழுதிய 'ஓல்டு ஜூல்ஸ்' 1935-இல் வந்தது. இங்கிருந்து வடக்கே கோர்டனுக்குப் பிரியும் சாலைக்கு அவர் பெயர். அவர் கல்லறையும் அந்தப் பக்கம்தான்.

ஆண்டியோக்கில் சாலையோரம் கான்கிரீட் தூண்கள் வரிசையாக நிற்கின்றன. முதல் உலகப் போரில் ஜெர்மனியின் பொட்டாஷ் நின்றுபோனபோது, இங்குள்ள உவர் ஏரிகளின் நீரைக் காய்ச்சி உரத்துக்கான பொட்டாஷ் எடுத்தார்கள். ஐந்து ஆலைகள், சுமார் 2,000 பேர் வாழ்ந்த ஊர். போர் முடிந்து ஜெர்மன் சரக்கு திரும்பியதும் 1921-க்குள் எல்லாம் மூடியாயிற்று. தூண்களுக்கிடையில் மாடுகள் மேய்ந்தன.

அலையன்ஸ்

குன்றுகள் முடிந்து நிலம் மறுபடி தட்டையானது. மறுபடி அந்த இரும்புக் குழாய்கள், மறுபடி வட்ட வயல்கள். ஊருக்கு வடக்கே கார்ஹெஞ்ச். ஜிம் ரைண்டர்ஸ் என்பவர் 1987-இல், இறந்த தன் அப்பாவின் நினைவாக, அப்பா வாழ்ந்த பண்ணையிலேயே, உறவினரைக் கூட்டி எழுப்பியது. பழைய கார்களைத் தலைகீழாக நட்டு, சாம்பல் நிறம் பூசி, இங்கிலாந்தின் ஸ்டோன்ஹெஞ்ச் கல்வட்டத்தின் அதே அமைப்பில் நிறுத்தியிருக்கிறார்கள். ஊர்க்காரர்கள் முதலில் இடித்துத் தள்ளச் சொன்னார்களாம். எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. ஒரு மகன் தன்னிடமிருந்த பொருளை வைத்து அப்பாவுக்குச் செய்த காரியம்.

அங்கே ஒரு வயதான தம்பதி. சர்க்கரைப் பீட்டும் பீன்ஸும் பயிரிடுகிறவர்கள். இந்த மாவட்டத்தில் நீர்மட்டம் இறங்கிக்கொண்டே இருக்கிறது, குழாயைக் கூடக் கீழே இறக்க வேண்டியிருக்கிறது என்று பெரியவர் சொன்னார். குன்றுப் பக்கம் அப்படி இல்லை, அங்கே உழவில்லை, இறைப்பும் இல்லை என்பது அவருக்கும் தெரிந்திருந்தது. உங்கள் ஊரில் எத்தனை அடியில் தண்ணீர் என்று கேட்டார். எங்களுக்கு ஆழம் பிரச்சினை இல்லை என்றேன். இறைத்து இறைத்து நல்ல தண்ணீர் இருந்த இடத்துக்குக் கடல் வந்துவிட்டது, வாழையும் வெற்றிலையும் விளைந்த தோட்டங்களில் இப்போது கிணற்று நீர் உப்பு. அவர் சிறிது நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு கார்களுக்கு நடுவே படம் எடுத்துக்கொண்டிருந்த மனைவியைச் சத்தம் போட்டுக் கூப்பிட்டு, இங்கே வந்து இவர் சொல்வதைக் கேள் என்றார். அந்த அம்மாள் வந்ததும் நான் முதலிலிருந்து சொன்னேன். எத்தனை வருஷத்தில் உப்பானது, முதலில் எந்தக் கிணறு, அப்போது யாராவது இறைப்பதை நிறுத்தினார்களா என்று அவர் ஒவ்வொன்றாகக் கேட்டார்.